இன்னொருத்தர் வீட்டில் எடுத்த படம்

எங்கள் குடும்பத்தில் படம் எடுக்கும் ஆள் நான்தான். லங்காவி போனாலும் மேடான் போனாலும், ஊட்டிக்குப் போய் மழையில் ஹோட்டலை விட்டு வெளியே கால் வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாலும், அன்று சாயங்காலமே படங்கள் ஃபேஸ்புக்கில் ஏறிவிடும். செனாவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பெண்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது, அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதுதான். எனக்கு அது பெருமையாக இருந்தது.

நாங்கள் பிறந்தது மலேசியாவில், போர்டிக்சன் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அப்பாவும் அம்மாவும் அங்கே பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே குடும்பம் சிரம்பானுக்கு வந்துவிட்டது. தோட்டத்து ஆட்கள் அநேகம்பேர் இப்படித்தான் நீலாய், கிள்ளான் என்று சிதறிப்போனார்கள். சில வருடங்களுக்கு முன் பழைய ஆட்களுக்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். அதில் அதிகம் எழுதியவள் நான். தீமிதிக்கு முந்தின நாள் லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகள் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தது, தீபாவளிக்கு ஆடு பங்கு போட்டது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டியது என்று எதையாவது எழுதுவேன். படித்துவிட்டு அழுகிற பொம்மை போடுவார்கள்.

அப்படி எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது என் பெரியம்மாவைப் பற்றி நான் எழுதியதைத்தான். அம்மாவுக்கு மூத்தவர். அவருக்கும் பெரியப்பாவுக்கும் சிவப்பு அடையாளக் கார்டுதான் இருந்தது, அதாவது குடியுரிமை இல்லை. வேலைக்கு பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்த காலத்தில் அவர்களுக்கு அது கிடைக்கவில்லை. கப்பல் ஏறி, பிறந்தது முதல் பார்த்தேயிராத இந்தியாவுக்குப் போனார்கள். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அம்மாவிடம் துருவித் துருவிக் கேட்டு நான் அதை எழுதினேன். ஒரு காகிதம் இல்லாததற்காக ஒரு குடும்பத்தைப் பிரித்துப் போட மனிதருக்கு எப்படி மனம் வந்தது என்று முடித்திருந்தேன். அந்த வரியைத் தனியாக எடுத்துப் போட்டுப் பலபேர் பாராட்டினார்கள்.

போன வருடம் தம்பி மெல்பர்னிலிருந்து வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகலாம் என்று கிளம்பினோம். போகிற வழியில் அவனுக்குத் தோட்டத்தைப் பார்க்க ஆசை வந்தது. கேட்டில் இருந்த காவலாளி, இங்கே பிறந்தவர்கள் என்று சொன்னதும் விட்டுவிட்டார்.

பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு இருந்தது. லயத்தில் இரண்டு வரிசைதான் மிச்சம். எங்கள் வீடு தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருந்ததால் சுலபமாகக் கண்டுபிடித்தோம். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. கொடியில் துணி காய்ந்தது. கதவு பாதி திறந்திருந்தது.

அம்மாவுக்கு முழங்கால் வலி, காரிலேயே இருந்துகொண்டார். கண்ணாடியை இறக்கி, "வெளியே நின்னு பாத்துட்டு வாங்க, உள்ள ஆளு இருக்காங்க," என்றார்.

"ரெண்டு நிமிஷம்மா," என்றேன்.

தம்பி கதவைத் தட்டினான், ஆனால் தட்டிக்கொண்டே தள்ளிவிட்டான். உள்ளே பாயில் படுத்திருந்த ஒரு ஆள் திடுக்கிட்டு எழுந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கைலி மட்டும் கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளறைக்கு ஓடி, சட்டையை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் உறையில் போட்ட தன் பெர்மிட்டைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் தம்பியிடம் நீட்டினார். துவான், அதாவது ஐயா, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மலாயில் சொன்னார். தம்பி போட்டிருந்த வெள்ளைச் சட்டையையும் கறுப்புக் கண்ணாடியையும் பார்த்துக் குடிநுழைவு அதிகாரி என்று நினைத்துவிட்டார்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. இல்லை, நாங்கள் இந்த வீட்டில் பிறந்தவர்கள், சும்மா பார்க்க வந்தோம் என்று தம்பி மலாயில் விளக்கினான். அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்தவர், செம்பனைக் குலை வெட்டும் வேலை. உள்ளே பார்த்து ஏதோ சொன்னார். அடுப்படி வாசலில் ஒரு பெண் வந்து நின்று, தலைத்துணியை முகத்துக்கு இழுத்து விட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் மேலே பார்த்தேன். நடு உத்தரத்திலிருந்து பாத்திக் துணியில் ஒரு தூளி தொங்கியது. உள்ளே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் தம்பிக்கும் அதே உத்தரத்தில்தான் தூளி கட்டியதாக அம்மா சொல்லியிருக்கிறார். அந்த நாளில் எங்களிடம் கேமரா ஏது? அந்த வீட்டுக்குள் எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

அந்தப் பெண் தங்கள் பாஷையில் கணவரிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் தயங்கினார். எதற்கு என்று என்னைக் கேட்டார்.

"நினைவுக்குத்தான். காரில் இருக்கும் எங்கள் அம்மாவிடம் காட்ட," என்றேன் மலாயில்.

அம்மா என்றதும் அவர் சரி என்று தலையாட்டிவிட்டார். தம்பியைத் தூளியில் கை வைத்து நிற்கச் சொல்லி எடுத்தேன். பிறகு அவர்கள் மூவரையும் எடுத்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் கணவர் பக்கத்தில் நின்றாள், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் சிரியுங்கள் என்றுகூடச் சொன்னேன். அவர்கள் கண்ணாடிக் கிளாஸில் கோப்பி ஓ, பால் இல்லாத காப்பி, போட்டுக்கொண்டு வந்தபோது, கடலுக்கு நேரமாகிறது என்று சொல்லி இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அன்று சாயங்காலமே குழுவில் போட்டேன். இரண்டு படமும் போட்டேன். அதே வீடு, அதே உத்தரம், வேறொரு குழந்தை என்று எழுதினேன். படிக்கிறவர்களுக்கு இடம் தெரிய வேண்டுமே என்று தோட்டத்தின் பெயரையும், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அதுவரை நான் போட்ட எதற்கும் அவ்வளவு பேர் வரவில்லை. பாதிப்பேர் அழுதார்கள். ஒருவர், வெளிநாட்டு ஆள் குடும்பம் வைத்துக்கொள்ள பெர்மிட் உண்டா என்று கேட்டார். நம்ம வீட்டில் இப்போது இவர்கள் வாழ்கிறார்கள் என்று இன்னொருவர் எழுத, அதற்கு ஒருவர் மறுத்துப் பேச, சண்டையாகி, படத்தை வேறு குழுக்களுக்கும் எடுத்துக்கொண்டு போனார்கள். தொழிற்சாலை கேண்டீனில் சோற்றைப் பிசைந்துகொண்டே அதையெல்லாம் படித்தேன். கேள்வி கேட்டவருக்கு நான் பதில் எழுதவில்லை. எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதை மறைத்து என்ன பயன்?

சில நாள் கழித்து ஒருவர் போன் செய்தார். என்னோடு தோட்டத்துப் பள்ளியில் படித்தவர், எனக்கு இரண்டு வகுப்பு கீழே. எங்களோடு படித்தவர்களில் அங்கேயே தங்கிவிட்டவர் அவர் ஒருவர்தான், இப்போது ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி.

"அக்கா, அந்தப் படத்த எடுத்துருங்க. மானேஜர் வரைக்கும் போயிருச்சு."

என்ன ஆயிற்று என்று கேட்டேன். பெர்மிட்டில் வந்த ஆட்கள் மனைவி மக்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். அந்தப் பெண்ணுக்குக் காகிதம் எதுவும் கிடையாது. வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் தெரியும், ஆபீசுக்கும் தெரியும், கோயில் பூசாரிக்கும் தெரியும். பிரசவத்துக்கு உதவியதே பக்கத்து லயத்துத் தமிழ் அம்மா ஒருத்தர்தானாம். அத்தனை பேரும் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறார்கள். படம் ஊரெல்லாம் சுற்றிய பிறகு யாராலும் அப்படி இருக்க முடியவில்லை, அவளும் குழந்தையும் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார் கடைசியில். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியும். சிரம்பானில் செய்தித்தாள் படிக்கிற எல்லாருக்கும் அந்தச் சட்டம் தெரியும். எங்கள் தொழிற்சாலையிலேயே கர்ப்பமான வெளிநாட்டுப் பெண்ணைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆள் பயந்து ஓடிப்போய்ப் பெர்மிட்டை எடுத்துவந்து நீட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். படம் நன்றாக வந்திருந்தது, அதனால் எதையும் யோசிக்கவில்லை. பெரியம்மாவைப் பற்றி அப்படி எழுதிய அதே வாரம்தான் இதையும் போட்டிருந்தேன். குழுவில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டும் கிடந்தன.

படத்தை எடுத்துவிட்டேன். தம்பிக்கு போன் செய்து சொன்னேன், அவன் அதற்குள் மெல்பர்ன் திரும்பியிருந்தான். "நீ வேணும்னு செய்யலையேக்கா," என்றான். கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, தான் தூளியோடு நிற்கும் படத்தைப் பெரிதாக ஃபிரேம் போடப்போவதாகவும், ஒரிஜினலை அனுப்பும்படியும் சொன்னான். இன்றுவரை அனுப்பவில்லை.

அம்மாவிடம் சொல்ல முதலில் எனக்கு வாய் வரவில்லை. சொன்னபோது அவர் பயறங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. நான் அவர் பேச்சைக் கேட்காமல் உள்ளே போனதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள பால்குடி மறந்துருச்சா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அடுத்த வார விடுமுறையில் நானே காரை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஒரு டின் பால்மாவும், பாசாரில் வாங்கிய குழந்தைச் சட்டைகளும் எடுத்துக்கொண்டேன். ஒருவேளை அவர்கள் இன்னும் இருக்கலாம் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அவர் மட்டும்தான் இருந்தார். வாசலில் மோட்டாரின் சங்கிலியைக் கழற்றி எண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் நாற்காலி எடுத்துவந்து போட்டார். மலாயில் அக்காவைக் கக்கா என்பார்கள், கக்காவின் அம்மா நன்றாக இருக்கிறாரா என்று விசாரித்தார்.

மனைவியும் குழந்தையும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று அவரே சொன்னார். தானாகப் போனால் ஜெயில் இல்லை, பிடித்துக்கொண்டு போனால் குழந்தையையும் சேர்த்து உள்ளே வைப்பார்கள் என்று மண்டோர் எடுத்துச் சொன்னாராம். இவரால் அவர்களோடு போக முடியவில்லை, ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. யாரோ ஆபீசில் சொல்லிவிட்டார்கள் என்றார். குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டைக் கண்ணால் காட்டினார். அங்கே வங்காளதேசத்து ஆட்கள் இருந்தார்கள். அதில் ஒருவனோடு குழந்தை இரவில் அழுவதைப் பற்றி முன்பு ஒரு வாக்குவாதம், அவன்தான் சொல்லியிருப்பான், இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றார்.

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பால்மா டின்னைக் கொடுத்துவிட்டு, வருத்தம் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பியிருப்பேன். அப்படிச் செய்யத்தான் மனசு இழுத்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஒருவன் குனிந்து வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"அவர் இல்லை. நான்தான்," என்றேன். "அந்தப் படத்தை நான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் போட்டேன். அதிலிருந்துதான் தெரிந்தது."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். மலாயில் எனக்குச் சரியான வார்த்தைகள் கிடைக்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவர் எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மாவிடம் காட்ட என்று சொன்னீர்களே," என்றார்.

நான் கையில் இருந்த பால்மா டின்னையும் துணிப்பையையும் நாற்காலிப் பக்கத்தில் கீழே வைத்தேன்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். நாங்கள் மூவரும் உள்ள படம் என்றார். அவர்கள் சேர்ந்து நிற்கும் படம் அவரிடம் வேறு எதுவும் இல்லை. குழந்தையை வெளியே கொண்டுபோகப் பயந்ததால் எங்கேயும் போய் எடுத்ததில்லை. அவர் எண்ணைச் சொல்ல, அங்கேயே உட்கார்ந்து அனுப்பினேன். அவர் போன் உள்ளே சத்தமிட்டது. போய்ப் பார்க்கவில்லை.

நான் எழுந்ததும் பால்மா டின்னையும் துணிப்பையையும் எடுத்து என் கையில் கொடுத்தார். இங்கே குடிக்க ஆள் இல்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு விவரத்தைச் சொல்வது போலச் சொன்னார். நான் காரைத் திருப்பும்போது அவர் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஆளிடம் போய் நின்றிருந்தார். அவன் ஈரக் கையோடு நிமிர்ந்தான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து டின்னை அம்மா கண்ணில் படும்படி மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், கேட்கவில்லை. எங்கள் குடியிருப்பில், தாமானில், குழந்தை இருக்கிற ஒரு வீட்டுக்கு மறுநாள் அவரே கொடுத்தனுப்பிவிட்டார்.

படம் ஏன் காணோம் என்று குழுவில் இன்னும் சிலபேர் கேட்கிறார்கள். கிராணி மட்டும்தான் காரணம் அறிந்தவர், அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உண்மையை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அது என்னைப் பற்றிய உருக்கமான கதையாக மாறிக்கொண்டு வந்தது. அதற்கும் அழுகிற பொம்மை போடுவார்கள் என்று தெரிந்ததும் அழித்துவிட்டேன். இங்கே எழுதுவதும் அப்படித்தான் ஆகிவிட்டதா என்று எனக்கு நிச்சயமில்லை.

அனுப்பிய படத்தை அவர் அன்று இரவே பார்த்துவிட்டார். பதில் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. ஊரில் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு வரி எழுத எத்தனையோ தடவை அவர் பெயரைத் திறந்திருக்கிறேன். கேட்கிற உரிமை எனக்கு எங்கே இருக்கிறது என்று மூடிவிடுவேன்.

போர்டிக்சன் போக வேண்டி வந்தால் தோட்டத்து முச்சந்தியைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா கூட இருந்தால் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார். நான் ரோட்டையே பார்த்து ஓட்டுகிறேன்.