கறுப்புக் குழாயில் கொஞ்சம் கடல் மணல்

சேறு எடுத்துக் கொடுக்கிற தொழிலில், சேற்றைத் தவிர மற்ற எல்லாவற்றோடும் சண்டை போட வேண்டியிருக்கும். ஒருவரிடம் சரக்கை வாங்கி இன்னொருவரிடம் முழுசாக ஒப்படைக்கும் பிழைப்பில் இருக்கிற உங்களுக்கெல்லாம் இது புரியும்.

நான் பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோர எருத்தேன்பதிக்காரன். எட்டாவதோடு படிப்பை விட்டு, தக்காளி யாவாரம், தேங்காய் யாவாரம், போர்வெல் என்று அடிபட்டு, இப்போது பார்வதி மேடத்துக்குக் குழி வெட்டித் தருகிறேன். பழங்காலத்தில் கடல் எப்போதெல்லாம் பொங்கி ஊருக்குள் வந்தது என்று மண்ணை வைத்துக் கண்டுபிடிப்பது அவர் வேலை. வந்துபோன கடல் சேற்றுக்கு நடுவே ஒரு வரி மணலை விட்டுப் போயிருக்கும். அந்த மணல் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று லேபில் கணக்குப் போடுவார்கள்.

திறந்து பார்த்தேன்

பொன்னானிக் கடற்கரைப் பக்கம் முதல் குழி. குழிச் சுவரில் மணல் வரி தெரிந்த இடத்தில் கறுப்புக் குழாயை அடித்து ஏற்றி, குழிமேல் போர்த்தியிருந்த தார்ப்பாய்க்குள்ளேயே இரண்டு வாயையும் மூடியாகிவிட்டது. மேடம் களைத்துப்போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒரு பழக்கம். பிரித்துப் பார்க்காமல் எந்தச் சரக்கையும் கைமாற்ற மாட்டேன். பெட்டிக்கு அடியில் அழுகல் தக்காளியை வைத்து என்னை ஏமாற்றியவர்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது. குழாய் நிறைய இருக்கிறதா என்று மூடியைக் கழற்றி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். திருப்தியாக மூடிக் கொண்டுபோய்க் கொடுத்து, "பாத்துட்டனுங்க மேடம், வாய் வரைக்கும் இருக்குதுங்க" என்றேன்.

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். வெளிச்சம் பட்டால் மணல் பழைய கணக்கையெல்லாம் மறந்துவிடுமாம். மறுபடி வெட்டலாம் என்றால், மறுவாரமே அங்கே வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். மேடம் பாலக்காட்டு அக்கிரகாரத்துக்காரர். குழாயைத் திருப்பி என் கையிலேயே கொடுத்து, நிதானமாகச் சொன்னார்: "எத்தனையோ காலமா வெயில் படாம இருந்ததை, ஒரு நிமிஷத்துல இன்னிக்குப் பொறந்த மணலா ஆக்கிட்டேள், சின்னராசு."

வருஷத்துக்குப் பேரம்

மணல் வரி கலையாமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு தென்னந்தோப்பில். அதற்கும் அடுத்த வாரம் செம்மண் லாரி வருகிறது. மேடாக்கி, பிளாட் போட்டு விற்கப் போகிறார் தோப்புக்காரர். இங்கே தவறினால் அந்தக் கரையில் மேடத்துக்கு வேறு இடமில்லை. எனக்கு அவர் முகத்தில் முழிக்க வழியில்லை.

தோப்புக்காரர் மலையாளி. கோயம்புத்தூரில் பேக்கரி வைத்திருந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசினார். "கடல் வந்துச்சுன்னு எழுதிட்டீங்கன்னா என் பிளாட்ட எவன் வாங்குவான்?" வந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும் என்றேன். எத்தனை என்றார். லேபில்தான் தெரியும் என்றேன். "ரெண்டாயிரம் வருஷம்னு எழுதச் சொல்லு, வெட்டிக்கோ." யாவாரம் பண்ணின வாய் சும்மா இருக்குமா? நான் ஐநூறில் ஆரம்பித்தேன். ஆயிரத்து ஐநூறுக்கும் எழுநூறுக்கும் நடுவே எனக்குச் சூடேறி, "உங்க தோப்புக்குள்ள வரும்போது கடல் உங்ககிட்டக் கேட்டுட்டா வந்துச்சு?" என்று கத்திவிட்டேன்.

மேடம் குறுக்கே வந்தார். யார் சொன்னாலும் வருஷம் மாறாது, ஆனால் தெரிந்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன் என்றார். தோப்புக்காரர் தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டே யோசித்துத் தலையாட்டினார். கிளம்பும்போது என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார்: "தொள்ளாயிரம்னாலும் ஒத்துக்கறேன், அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்."

தண்ணீர்

இடுப்பளவு வெட்டியதும் குழியில் ஊற்று பீறிட்டது. சுவர் சரிந்தால் மணல் வரியும் போச்சு. மோட்டார் வைத்து இறைத்தோம், வாளியால் இறைத்தோம், வாய்க்கு வந்தபடி நான் கத்தினேன். போர்வெல் காலத்திலிருந்து என்னோடு இருக்கும் பழனிச்சாமி, குழிக்குள் நின்றபடியே கறுப்புக் குழாயை அடித்து ஏற்றி, தார்ப்பாய்க்கடியில் மூடியைப் போட்டு டேப் சுற்றி மேலே நீட்டினான். பிறகு முகத்துச் சேற்றை வழித்துவிட்டுச் சொன்னான்: "ஏனுங்க, இத்தன வருசமா தண்ணி வல்லைன்னு திட்டு வாங்குனோம், இன்னைக்கு வந்துருச்சுன்னு திட்டறீங்க."

இருட்டு ரூம்

லேப் தமிழ்நாட்டுப் பக்கம். மேடம் ரயிலில் முன்னால் போய்விட்டார். வெளிச்சம் பட்டாலும் கெடாத சாதாரணச் சேற்றுக் குழாய்கள் ஜீப்புக்குப் பின்னால், கறுப்புக் குழாய் போர்வை சுற்றி என் மடியில். எல்லைக்குச் சற்று முன்னால் மணல் கடத்தலுக்கு வண்டிச் சோதனை. போர்வைக்குள்ளே என்ன என்று போலீஸ்காரர் தமிழிலேயே கேட்டார். சேறு என்று சொல்லியிருக்கலாம். அவசரத்தில் வாயில் "மணலுங்க" என்று வந்துவிட்டது. பழனிச்சாமி கண்ணை மூடிக்கொண்டான்.

மேடத்தின் லெட்டரைக் காட்டினேன். லெட்டர் மணல் லாரிக்காரனும்தான் காட்டுகிறான் என்றார். டேப்பை அறுக்கக் கத்தியை எடுத்தார். என் ஆயுசில் முதல் தடவையாகக் குரலை இறக்கிப் பேசினேன். "சார், இதைத் தொறக்கணும்னா இருட்டு ரூம் வேணுங்க. ஸ்டேசன்ல இருக்குதுங்களா?" "லாக்கப் இருக்கு" என்றார். நான் பின்னாலிருந்த சேற்றுக் குழாய் ஒன்றைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். பழைய சதுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். இரண்டடி பின்வாங்கி மூக்கைப் பொத்திக்கொண்டார்: "இந்த நாத்தத்த எவன்டா கடத்துவான், எடுத்துட்டுப் போ."

போன்

அதற்குப் பிறகு மூன்று வாரம். வழியில் எங்காவது டேப் கிழிந்து வெளிச்சம் புகுந்திருக்குமோ என்று நினைத்து நினைத்து, வீட்டில் சோற்றில் உப்பு சரியாக இருந்தாலும் சண்டை பிடித்தேன். மேடத்தைக் கூப்பிட்டுக் கேட்கத் தைரியம் இல்லை. நாலாவது வாரம் தோட்டத்தில் நிற்கும்போது அவரே கூப்பிட்டார். கேட்டு முடித்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். காலில் அத்தனை நாள் உறைக்காத வலியெல்லாம் சுகமாகத் தெரிந்தது. மேடம் சொன்னது இவ்வளவுதான்: "வெளிச்சம் துளிகூடப் படலை, வருஷத்தைக் கணக்குப் பண்ணிடலாம். ஆத்துக்காரியண்ட கொஞ்சம் சிரிச்சுப் பேசுங்கோ, இன்னிக்கு மட்டும் என்னை நாலு தடவை கூப்பிட்டு ரிசல்ட் கேட்டுட்டா."

மண்ணுக்கடியில் எத்தனையோ காலம் பத்திரமாகக் கிடந்த மணலுக்கு உண்மையான கண்டம், எங்களை மாதிரி ஆட்கள் அதைப் பத்திரமாகக் கொண்டுபோகிற அந்த ஒரு நாளில்தான் வருகிறது.