விதைக்கு விட்ட மூன்று செடிகள்

நான் விவசாயம் பார்த்தது மொத்தம் இரண்டே நாள். முதல் நாள் வேலையைக் குறைவாகச் செய்தேன். இரண்டாம் நாள் கூடுதலாகச் செய்தேன். அதன்பிறகு என்னைப் படிக்க வைத்துவிட்டார்கள்.

திண்டுக்கல் பக்கத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை விரும்பிக் குடித்தது புகையிலை மட்டும்தான். செடி மொட்டு விட்டதும் தலையைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் சத்தெல்லாம் இலைக்குப் போய்த் தடிக்கும். ஒன்பது வயதுக்காரியான எனக்கும் ஒரு வரிசை கொடுத்தார்கள். பூ எட்டிப் பார்த்த செடிகளை மனசு கேளாமல் விட்டுவிட்டேன். சாயங்காலம் அம்மா பார்த்துவிட்டாள்.

“கொண்டையில வைக்கவாடி பயிர் பண்றோம்? ஒண்ணு விடாமக் கிள்ளு.”

ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய்க் கண்ணில் பட்ட பூவையெல்லாம் கிள்ளினேன். கையெல்லாம் கறுத்த பிசின். கடைசியில் கிணற்றோரம் மூன்று செடிகள் என்னைவிட உயரமாகப் பூத்து நின்றன. அப்பா எப்படி இதைக் கவனிக்காமல் விட்டார் என்று அவருக்காக வருத்தப்பட்டு, வரப்பில் ஏறி நின்று மூன்றையும் கிள்ளி எறிந்தேன்.

அவை விதைக்கு விட்டவை. தாத்தா காலத்து ரகம்; மூன்று செடி விடுவதும் அவர் கணக்குத்தான். அடுத்த வருஷத்துப் பயிர் முழுவதும் அந்த மூன்று தலைகளில்தான் இருந்தது.

அப்பா அடிக்கவில்லை. “அம்புட்டும் போச்சா” என்று செடியிடம் கேட்டார்.

“பக்கத்துல கிளைக்கிற சிம்பை விட்டாப் பூக்காதா?” என்றாள் அம்மா.

“பூக்கும். அந்த வெதையில வீரியம் இருக்காது.”

“அப்ப ஒங்க அண்ணங்கிட்டத்தான் கேக்கணும். அதே வெத அவுககிட்ட இருக்கு.”

“அதுக்கு நான் சோளம் வெதைச்சுட்டுப் போறேன்.”

பெரியப்பா தோட்டம் அடுத்த வரப்பு. இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தக் கிணற்றில் யார் எந்த நாள் தண்ணீர் இறைக்கக் கமலை பூட்டுவது என்ற தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. முதலில் மற்றவர் வரட்டும் என்று இருவருமே பெருந்தன்மையாகக் காத்திருந்தார்கள்.

அறுவடை முடிந்த ஒரு மாலை, அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “நீயும் வா.”

என்னை மாட்டிவிடத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்துப் பத்தடி பின்னாலேயே போனேன். பெரியப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் தோளில் இருந்த துண்டு எப்போது கைக்கு வந்தது என்று நான் பார்க்கவில்லை.

“இந்தக் கழுத வெதச்செடியக் கிள்ளிப்புட்டாண்ணே.”

பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

“மூணையுமா?”

“மூணையும்.”

“கெட்டிக்காரி” என்றார்.

என் வேலைத்திறமையை ஊரில் மதித்த ஒரே மனிதர் அவர்தான் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவரே உள்ளே போய் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். வீடு திரும்பும் வழியில் அதை என்னிடம் கொடுத்தார் அப்பா. பிரித்தேன். பழுப்பாக, தூசு மாதிரி ஏதோ இருந்தது. புகையிலை விதை அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மூக்குப்பொடி என்றே நினைத்தேன். பொடி போடாத மனிதர் இதற்காகவா இரண்டு வருஷ வீம்பை விட்டார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் பிரித்ததில் பொடி பறந்து அவர் கண்ணில் விழுந்துவிட்டது என்று பயந்து, பொட்டலத்தை அவசரமாக மடித்தேன்.