ஐந்தாவது வித்தியாசம்

அன்று லெட்சுமி அக்காவின் நெற்றியில் பொட்டு இருந்தது. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். ஆனால் அவர் கணவரின் சாவு வீட்டில், அத்தனை பேர் முன்னிலையில் அவர் என்னைக் கேட்டபோது, ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இதுதான் என் குற்றம். கேட்பதற்குச் சிறியதாகத்தான் இருக்கிறது, இல்லையா? நானும் இத்தனை வருடங்களாக எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன்... ஒரு நாள்கூட அது சிறியதாக ஆனதில்லை.

நீங்கள் என்னை அறிய மாட்டீர்கள். அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, குன்னூர்க் கடைவீதியில் டிவியும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கும் கடை வைத்தவன். தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. பச்சைத் தேயிலைக்குக் கிடைத்த காசு பறிக்கிற கூலிக்கே பற்றவில்லை. தோட்டங்கள் வேலையைக் குறைத்தன, ஃபாக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுப்பை அணைத்தன. பழுதான டிவியை யாரும் கடைக்குத் தூக்கி வரவில்லை. பழுதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அப்போது எனக்குச் சோறு போட்டவை ஊட்டி ஏரிப் பக்கம் ஒரு விளையாட்டுக் கூடத்தில் இருந்த இயந்திரங்கள்தாம். வெளிநாட்டில் பழசாகிக் கழித்துவிட்டவை. கண்ணாடித் திரையை விரலால் தொட்டு விளையாட வேண்டும். கூடத்தின் முதலாளி மணியண்ணன் அவற்றை எங்கோ துறைமுகத்தில் மொத்தமாக வாங்கி மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்குகளுக்கு எங்கள் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் சுழல மறுக்கும். கழற்றி உள்ளங்கையில் பொத்திச் சூடு காட்டினால்தான் முனகிக்கொண்டு எழும். சில அப்படியும் எழவில்லை.

அவற்றுக்குப் பதிலாகப் பெரிய டிஸ்க்குகளைப் பொருத்தினேன். எங்கிருந்து கிடைத்தன என்கிறீர்களா? குன்னூரில் மூடப்பட்ட தேயிலை வியாபார அலுவலகங்களிலிருந்து! கம்ப்யூட்டர்களை எடைக்குப் போட்டார்கள், நான் பொறுக்கினேன். ஊர் நொடித்ததில் எனக்கு லாபம் இருந்தது. அதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

புது டிஸ்க்கில் இடம் தாராளமாக மிஞ்சியது. அதைப் பார்த்ததும் மணியண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. அந்த இயந்திரங்களில் கூட்டம் மொய்ப்பது ஒரே விளையாட்டுக்குத்தான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஐந்து வித்தியாசங்களை நேரம் முடிவதற்குள் தொட்டுக் காட்ட வேண்டும். சரியாகத் தொட்டால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு வட்டம் விழும், மணி அடிக்கும்.

"ஏனுங்க, வெள்ளக்காரன் ஊட்டுப் படத்தையே எத்தன நாளைக்குப் பாப்பாங்க? எடம்தான் கெடக்குதில்ல, நம்மூர்ப் படமாப் போடுங்க" என்றார் மணியண்ணன். தன் டிஜிட்டல் கேமராவையும் கொடுத்தார்.

நான் நேராகச் செல்லையா அண்ணனின் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போனேன்.

செல்லையா அண்ணன் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். ஃபாக்டரி மூடிய பிறகு என் கடைக்கு வந்து, இயந்திரங்களை ஜீப்பில் ஏற்றி இறக்கிக் கொடுப்பார். அவருடைய சிறு வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அவர் மனைவிதான் லெட்சுமி அக்கா. கொழுந்து பறிப்பவர். நான் எப்போது போனாலும் தேநீர் கொடுக்காமல் அனுப்பமாட்டார். அதுவும் ஃபாக்டரித் தூசித் தேயிலைதான், ஆனாலும் அந்த ருசி இன்றுவரை எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

அது ஞாயிற்றுக்கிழமை. அக்கா தலைக்குக் குளித்து, பச்சைச் சேலை கட்டி, வாசலில் வந்து நின்றார். அண்ணன் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"கண்ணாடியப் பாத்துப் பொட்டு வையின்னா கேக்க மாட்டா தம்பி. இன்னைக்கும் எடப்பக்கமாக் கோணிக்கிட்டு நிக்குது பாருங்க" என்றார் அண்ணன்.

"ஒங்க மூஞ்சி நேரா இருந்தாப் போதும். பேசாம நில்லுங்க" என்றார் அக்கா.

நான் சிரித்துக்கொண்டே படம் பிடித்தேன். படம் எதற்கு என்று அவர்களிடம் சொல்லவில்லை. "உங்களுக்கு ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்று மட்டும் சொன்னேன். ஏன் சொல்லவில்லை? கேட்டிருந்தால் அக்கா வெட்கப்பட்டு வேண்டாம் என்றிருப்பார். எனக்குப் படம் வேண்டியிருந்தது... அவ்வளவுதான்.

கடையில் உட்கார்ந்து அந்தப் படத்தின் பிரதி ஒன்றில் கை வைத்தேன். கோழியை அழித்தேன். வாளியின் நிறத்தை மாற்றினேன். அண்ணனின் ஸ்வெட்டரில் ஒரு பொத்தானை எடுத்தேன். கொடியில் கிடந்த துண்டை மறைத்தேன். நான்கும் சுலபமாகக் கண்ணில் படுபவை. ஐந்தாவது கடினமாக இருந்தால்தானே விளையாட்டு? நெற்றித் தோலின் நிறத்தைத் தொட்டெடுத்து அக்காவின் பொட்டின் மேல் பூசினேன். எத்தனை சுத்தமாக வந்தது தெரியுமா! எனக்கே பெருமையாக இருந்தது. வட்டம் விழ வேண்டிய இடத்தை எண்களில் கணக்கிட்டு எழுதி, ஓர் இயந்திரத்தின் புது டிஸ்க்கில் ஏற்றினேன்.

கூடத்தில் பலரும் அந்த ஐந்தாவதில்தான் தோற்றார்கள். கோழியைப் பார்த்தார்கள், வாளியைப் பார்த்தார்கள். அக்காவின் முகத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மணியண்ணன் என் முதுகில் தட்டினார்.

பிறகு தோட்டத்தில் அக்காவுக்கும் வேலை பாதியானது. அண்ணன் திருப்பூரில் கட்டட வேலைக்குப் போவதென்று முடிவு செய்தார். கிளம்புகிற காலையில் பையோடு என் கடைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, அந்தப் படத்த ஒண்ணு போட்டுக் குடுங்க. பஸ்ஸு நிக்குது."

ஒரு கையில் இயந்திரத்தின் போர்டு, மறு கையில் மவுஸ். இரண்டு படங்களின் பெயர்களிலும் கடைசி எழுத்து மட்டுமே வேறு. ஒன்றைத் தட்டினேன். உள்ளங்கை அளவில் அச்சாகி வந்தது. அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அவ மூஞ்சி என்னமோ வெறிச்சுன்னு இருக்கே தம்பி."

"சின்னப் படம் அண்ணே. அப்படித்தான் தெரியும்" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

ஐப்பசி மழையில் திருப்பூரில் ஒரு சுவர் சரிந்தது. செல்லையா அண்ணன் அதன் அடியில் இருந்தார்.

உடல் வந்தது. கூடவே ஒரு மஞ்சள் பையும் வந்தது. அதில் ஸ்வெட்டர், சீப்பு, அந்தப் படம். அண்ணனின் அக்கா ராக்கம்மா படத்தை எடுத்துப் பார்த்தார்.

"ஏண்டி... வெறும் நெத்தியோடயா நின்னு படம் புடிச்ச? இதத்தான் எந்தம்பி நெஞ்சுல வச்சுக்கிட்டுத் திரிஞ்சானா?"

எல்லோரும் லெட்சுமி அக்காவைப் பார்த்தார்கள். அக்கா படத்தை வாங்கினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"வச்சிருந்தேனே மதினி... வச்சிருந்தேன்னுதான் நெனக்கிறேன்."

"படம் பொய்யா சொல்லும்?" என்றார் ராக்கம்மா.

அக்காவின் கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தன.

"தம்பிதான புடிச்சாரு. தம்பி, நீங்க சொல்லுங்க. நான் அன்னைக்குப் பொட்டு வச்சிருந்தேனா, இல்லியா?"

எனக்கு அண்ணனின் கேலி காதில் கேட்டது. கோணல் பொட்டு கண்முன் நின்றது. ஒரே ஒரு வார்த்தை... 'வச்சிருந்தீங்க, நான்தான் அழிச்சேன்.'

"சரியா ஞாபகம் இல்லீங்க அக்கா" என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். "தலைக்குக் குளிச்சேன்ல... அவசரத்துல மறந்திருப்பேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் அவர் அழவில்லை.

நீங்கள் படித்தவர். பொட்டுக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லை! அது எனக்கும் தெரியும். மழையில் நனைந்த சுவர் விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் அக்காவுக்கு அது தெரியாது. லயத்தில் எவருக்கும் தெரியாது. புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக ஒரு பெண் நம்பத் தொடங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். தடுக்க என்னிடம் சாட்சியும் இருந்தது. என் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு, இல்லையென்றால் ஊட்டிக்கு ஒரு பஸ் பயணம், அவ்வளவே. அங்கே கூடத்துத் திரையில் அவர் பொட்டோடும் பொட்டில்லாமலும் அருகருகே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாளே நான் ஊட்டிக்குப் போனேன். தனியாகத்தான் போனேன்.

புதுமணத் தம்பதியர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான்கைக் கண்டுபிடித்துவிட்டு ஐந்தாவதைத் தேடினார்கள். அந்தப் பெண்தான் கடைசியில் கண்டுபிடித்தாள். விரலை நீட்டி அக்காவின் நெற்றியைத் தொட்டாள். வெறும் நெற்றியில் சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தது. மணி அடித்தது. இருவரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

அவர்கள் நகர்ந்ததும் இயந்திரத்தின் பின்மூடியைத் திறந்தேன்.

"என்னங்க, மறுபடியும் மக்கர் பண்ணுதுங்களா?" என்று கேட்டார் மணியண்ணன்.

"ஈரம் ஏறிப்போச்சுங்க. டிஸ்க் போயிருச்சு" என்றேன்.

நல்ல டிஸ்க் அது. கழற்றி வந்து, வேறொன்றில் பழைய வெளிநாட்டுப் படங்களை ஏற்றிப் பொருத்தினேன். பிறகு கடைக்கதவைச் சாத்திக்கொண்டு அதை முழுவதுமாக அழித்தேன். என் கம்ப்யூட்டரில் இருந்ததையும், கேமராவில் இருந்ததையும் அழித்தேன். அழிந்ததைக்கூட மீட்டுக் கொடுப்பவன் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு. யாராலும் மீட்க முடியாதபடி எப்படி அழிப்பது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

எதற்குப் பயந்தேன்? லயத்து ஆட்கள் அடிப்பார்கள் என்றா? கடைக்குக் கெட்ட பெயர் வரும் என்றா? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். கேவலமான பதில்தான் வருகிறது. அக்கா என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். அதைக் காப்பாற்றிக்கொள்ள அவரைக் கொலைகாரி ஆக்கினேன்.

தேயிலை விலை பிறகு கொஞ்சம் நிமிர்ந்தது. அக்கா மறுபடியும் கொழுந்துக்குப் போகிறார். காலையில் அவசரமாகக் கிளம்புகிற பெண்களைக் கூப்பிட்டு நிறுத்தி நெற்றியைப் பார்ப்பாராம். பொட்டு இல்லையென்றால் திரும்பிப் போய் வைத்துக்கொண்டு வரச் சொல்வாராம். "என்னய மாதிரி மறந்துறாதீங்கடி" என்பாராம். இதை என்னிடம் சொன்னவர்கள் ஏதோ நல்ல செய்தியைப்போலச் சொன்னார்கள்.

போன ஆடியில் அவர் என் கடைக்கு வந்தார். முடி நரைத்திருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஓரங்கள் மடங்கி, நிறம் மங்கியிருந்தது.

"தம்பி, பேத்தி சொன்னா, கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்ணலாமாமே. இதுல எனக்கு ஒரு பொட்டு வச்சுக் குடுப்பீங்களா? அவரு பக்கத்துல இப்பிடி நிக்கிறதப் பாக்க முடியல."

படத்தை ஸ்கேன் செய்தேன். மவுஸ் தானாக அந்த இடத்துக்குப் போனது. நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. சிவப்பாக ஒரு சின்ன வட்டம் வரைந்தேன். பெரிதாக அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தார். விரல் நுனியால் நெற்றியைத் தடவினார்.

"எடப்பக்கமாத் தள்ளி... நான் வைக்கிற மாதிரியே வச்சிருக்கீங்களே. ஒங்களுக்கு எப்பிடித் தம்பி தெரிஞ்சுது?"

இதோ, இரண்டாவது முறையாக எனக்கு வாசல் திறந்தது. இந்த முறை கூட்டம் இல்லை, ராக்கம்மா இல்லை. நானும் அவரும் மட்டுமே இருந்தோம்.

"பாத்துப் பழகின முகந்தானுங்களே அக்கா" என்றேன்.

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒங்களுக்கே இவ்வளவு ஞாபகமிருக்கு. நான் மட்டும் அன்னைக்கு எப்பிடித் தம்பி மறந்தேன்?"

நான் பிரிண்டரின் மூடியைத் திறந்து, சிக்காத காகிதத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அக்கா படத்தை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டார். "நல்லா இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவருடைய லயம் என் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். அக்கா இன்று மாலை கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டில்தான் இருப்பார். நான் போனால் தேநீர் கொடுப்பார்.