கேமராவுக்கு ஒரு கிலோ ராகி

ஸ்ரீராம்புரத்துச் சந்து ஒன்றில் சினிமா எடுக்கிறார்கள். பெரிய கேமரா உள்ளே நுழையாது என்று, கையில் பிடிக்கிற சின்னக் கேமராவோடு வந்திருக்கிறார்கள். ஓடிவரும் நடிகையைப் படம்பிடித்தபடி கேமராமேன் பின்னோக்கி ஓட வேண்டும். அவர் விழாமலிருக்கப் பின்னாலிருந்து அவர் பெல்ட்டைப் பிடித்து இழுக்கிற வேலை, நேற்றிலிருந்து சாப்பிடாத எனக்குக் கிடைத்திருக்கிறது.

இரண்டு முறை ஓடியாயிற்று. கேமராவில் கனமே இல்லாததால் படம் நடுங்குகிறது. பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் சந்து முழுக்கக் குடங்கள்தான். அப்புறம் ஷூட்டிங் கிடையாது.

பெட்டிக்கடை அக்கா எட்டிப் பார்க்கிறார்.

"ஏன் சார், கனம்தானே வேணும்? இந்தாங்க, ஒரு கிலோ ராகி மாவு. கட்டிக்கோங்க. சிந்துச்சுன்னா சும்மா வுடமாட்டேன்."

கேமராவுக்கு அடியில் பாக்கெட்டைக் கட்டிக்கொண்டு ஓடுகிறோம். கோழி பறக்கிறது, கொடியில் காயும் நைட்டிகள் முதுகில் அறைகின்றன, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஓகே!" என்று டைரக்டர் கத்தும்போதே குழாய் சீறுகிறது.

"சூப்பர்டா!" என்று கேமராமேன் என்னைக் கட்டிப்பிடிக்கிறார்.

"ஆடாம நின்னது என் ராகி, பேரு இவனுக்கா?" என்கிறார் அக்கா, பாக்கெட்டை அவிழ்த்தபடி. பிறகு என் முகத்தைப் பார்க்கிறார். "சாப்ட்டியாப்பா? உள்ள வா, இதையே களி கிண்டுறேன்."