கழிப்பறையில் நான் இருந்தபோது

மவுண்ட் ரோஸ்கில் வாடகை வீட்டில் முதன்முறை இரத்தத்தைக் கண்டபோது நான் கணவரைக் கூப்பிடவில்லை. தண்ணீரைத் திறந்து விட்டேன். சளியும் இரத்தமும்தான், மலம் மிகக் குறைவு. அடுத்த நாளும் அதே. இரண்டு கிழமையில் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஒக்லாந்து நகரத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவர் முன்பே வந்து நகரின் இன்னொரு பகுதியான ஹென்டர்சனில் ஒரு கம்பெனியில் கணக்காளராக இருந்தார். என்னுடைய ரெசிடென்ஸ் (நிரந்தர வதிவிட உரிமை) விண்ணப்பம் முடிவாகவில்லை. ஊரில் நான் பத்திரிகை நிருபர். ஆங்கிலம் நன்றாகவே பேசுவேன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

வைத்தியசாலையில் நிபுணரின் அறைக்குள் போய் உட்கார்ந்ததும் வயிறு முறுக்கியது. எழுந்து ஓடினேன். கழிப்பறை நடைபாதையின் மறுமுனையில். திரும்பி வந்தபோது நிபுணர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். என்ன கேட்டார் என்று கணவரிடம் கேட்டேன். வழக்கமான கேள்விகள்தான் என்றார்.

மலப் பரிசோதனை ஒன்று செய்தார்கள். நான் மாலையில் கொடுத்த போத்தலை மறுநாள் பார்த்தார்கள். கிருமி இல்லை என்றார்கள். பிறகு கொலனோஸ்கோபி (கமெரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது). எங்கும் புண். அல்சரேட்டிவ் கொலைற்றிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலைப் புண்ணாக்கும் நாட்பட்ட நோய்) என்றார் நிபுணர். ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து, உடலின் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்கும்) தந்தார்.

சில நாள் இரத்தப்போக்கு குறைந்தது. பிறகு காய்ச்சல். வயிறு ஊதியது. வார்ட்டில் சேர்த்து மருந்தின் அளவைக் கூட்டினார்கள். கூட்டக் கூட்ட நான் மோசமானேன். கண்ணாடியில் வேறொருத்தியின் வீங்கிய முகம் தெரிந்தது.

பெருங்குடலை முழுவதுமாக எடுக்க வேண்டும் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். அதன்பின் மலம் வயிற்றில் ஒட்டிய பையில் சேரும். ஒரு தாதி வந்து என்னை நிமிரச் சொல்லி, குனியச் சொல்லி, தோல் மடியாத இடம் பார்த்து, தொப்புளுக்கு வலப்பக்கம் கறுப்பு மையால் ஒரு சிலுவைக்குறி போட்டார். பை அங்கேதான் வரும்.

அன்று பின்னேரம் ஒரு இளம் பெண் டொக்டர் ஒப்புதல் கையெழுத்து வாங்க வந்தார். கணவர் பக்கத்தில் இருந்தார். பழைய கேள்விகளையே டொக்டர் மறுபடி கேட்டார். முன்பு எப்போதாவது இரத்தத்தோடு வயிற்றோட்டம் வந்ததுண்டா?

கணவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"வந்தது. சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடமொன்றில் இருந்தபோது. எல்லோருக்கும் ஒரே கிணறு."

அவர் நிமிர்ந்தார். "இல்லை என்று முன்பு சொன்னீர்களே?"

"நான் சொல்லவில்லை."

இருவரும் கணவரைப் பார்த்தோம்.

டொக்டர் கையெழுத்து வாங்காமலே எழுந்து போனார். சிறிது நேரத்தில் புதிய மல மாதிரியைச் சூடு ஆறுவதற்குள் வாங்கிப் போய் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அமீபா (ஒற்றைக்கல ஒட்டுண்ணி, குடற்சுவரை அரித்து உள்ளே போவது) உயிரோடு நகர்ந்துகொண்டிருந்தது. என் சிவப்பணுக்களை விழுங்கியிருந்தது. சூடு ஆறிய மாதிரியில் அது செத்துச் சிதைந்துவிடும், பார்த்தாலும் தெரியாது என்றார் டொக்டர். என் ஸ்டீராய்டு இத்தனை நாளும் அதற்குத்தான் வழிவிட்டிருந்தது.

சத்திரசிகிச்சையை நிறுத்தினார்கள். மெட்ரொனிடசோல் (அமீபாவைக் கொல்லும் மருந்து) இரத்தநாளம் வழியாக ஏறியது. வாயெல்லாம் செம்புக் கசப்பு. காய்ச்சல் விட்டது. குடலுக்குள் மிஞ்சியிருப்பவற்றைக் கொல்ல இரண்டாவது மருந்தும் வேண்டும். சுகமாகிவிட்டது என்று அதை நிறுத்திவிடாதீர்கள் என்றார் டொக்டர்.

முதலில் பார்த்த நிபுணர் வந்து, தங்களுக்குக் கிடைத்த தகவலின்படியே முடிவெடுத்ததாகச் சொன்னார். தகவல் தந்தவரின் வயிறு நன்றாகத்தான் இருந்தது என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். போரிலிருந்து வந்தவள் என்பது அவருக்குத் தெரியும். நான் கழிப்பறையிலிருந்து வரும்வரை பொறுக்க மட்டும் அவருக்கு நேரமில்லை. பத்திரிகையில் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்வார்கள், யாருக்கு நடந்ததோ அவரிடம் கேள் என்று.

நிபுணர் போன பிறகு கணவர் சொன்னார்: "நாங்கள் துப்புரவான ஆக்கள் எண்டு சொன்னனான். ஊர் நோய் வருத்தத்தோட வந்தவ எண்டு எழுதினா ரெசிடென்ஸ் தராமல் உம்மைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம்."

"நான் செத்தாப் பிறகு ஆருக்கு ரெசிடென்ஸ்?"

அவர் அழுதார். நான் தேற்றவில்லை. அந்தப் பயத்தை இந்த நாடும் அவருக்குள் வைத்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் குறையவில்லை. பங்கிட ஆள் கூடியது, அவ்வளவுதான்.

வயிற்றோட்டத்தோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் வரலாற்றை நீங்களே சொல்லுங்கள். ஓட வேண்டி வந்தால், திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கச் சொல்லுங்கள்.

இங்கே வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில், வெளிநாட்டு மண்ணோடு கிருமி வரக்கூடாதென்று, என் சப்பாத்தைத் திருப்பி மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். இருக்கவில்லை. ஊரை விட்டு வந்தாயிற்று என்று நினைத்திருந்த மாதங்களெல்லாம் அந்தக் கிணறு எனக்குள் இருந்தது. இப்போது என் நாட்கள் முன்போல் வரிசையாக இல்லை. எது முடிந்தது என்று வயிறுதான் சொல்ல வேண்டும்.

மைக்குறி மெல்ல அழிந்துவிட்டது. குளிக்கும்போது கை இன்னும் அந்த இடத்தைத் தேடிப் போகிறது.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே நிற்கும்போது யாராவது கணவரிடம் கேட்பார்கள், இப்ப மனுசிக்கு எப்பிடி என்று. அவர் தொடங்குவார். பிறகு நிறுத்தி என்னைப் பார்ப்பார்.

பதில் சொல்ல நான் அவசரப்படுவதில்லை.