பின்சீட்டுக்கு அடியில்

ஜார்ஜியாவின் ருஸ்தாவி நகரத்தில் பெரிய கார் வைத்திருப்பவர்கள் பத்து லிட்டர்தான் போடுவார்கள். டேங்க் எண்பது லிட்டர் பிடிக்கும். அயல்நாட்டில் யாரோ இருபது வருடம் ஓட்டி, எங்கோ மோதி, இன்சூரன்ஸ்காரன் கழித்துப் போட்ட சொகுசுக் கார்கள் ஜார்ஜியாவுக்குக் கப்பலில் வந்து இறங்கும். தோல் இருக்கை, மரம் பதித்த முகப்பு, எட்டு சிலிண்டர். வாங்கியவர் பத்து லிட்டர் போட்டு ஊருக்குள் ஓட்டுவார். முள் சிவப்பைத் தொட்டால் இன்னொரு பத்து. பங்க்கில் நிற்பவர் எவ்வளவு என்று கேட்பதுகூட இல்லை.

மல்காஸின் ஷெட்டுக்கு வரும் கார்களும் முள் சிவப்பில் நிற்கும்போதுதான் வரும். முன்பு அவர் உருக்காலையில் குழாய் பொருத்துபவராக இருந்தார். ஆலையில் ஆள் குறைத்தபோது, நீராவி ஓடினால் என்ன, பெட்ரோல் ஓடினால் என்ன என்று கார்களுக்கு வந்துவிட்டார். இருபத்தாறு வருடமாகப் பெட்ரோல் கசிவு மட்டும்தான் பார்க்கிறார். காருக்கு அடியில் வெள்ளை அட்டை விரித்து ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிடுவார். குழாயில் பிரஷர் கேஜ் மாட்டி முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். ஒவ்வொரு இணைப்பாக மூக்கை வைத்து முகர்வார். மூன்றிலும் ஒன்றும் தெரியாவிட்டால், "ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போ" என்பார். அவர் அப்படிச் சொல்லிவிட்டால் அந்தக் காரை வாங்கப் போகிறவர் வேறு யாரிடமும் காட்டமாட்டார்.

லமாராவிடம் அதை அவர் மூன்று முறை சொல்லியிருந்தார்.

லமாரா அவருடைய நண்பன் நோதாரின் மனைவி. ரொட்டிக் கடையில் அடுப்புக்கு முன்னால் நிற்பவள். நோதார் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவன் ஆசைப்பட்டு வாங்கிய நீளமான கறுப்புக் காரை அவள் விற்கவில்லை. வேலைக்குப் பேருந்தில் போவாள், மார்க்கெட்டுக்கு மட்டும் கார் எடுப்பாள். ஈஸ்டருக்கு மறுநாள் அதில் ராச்சா மலைக்குப் போவாள். நோதாரின் கல்லறை அங்கே இருந்தது. திரும்பி வந்ததும் நேராக ஷெட்டுக்கு வருவாள்.

"பெட்ரோல் நாத்தம் அடிக்குது மல்காஸ்."

"எங்க?"

"உள்ள. முதுகுக்குப் பின்னால."

அட்டை, கேஜ், மூக்கு. ஒன்றும் இருக்காது.

"ஒண்ணுமில்ல லமாரா. எடுத்துட்டுப் போ."

மூன்றாம் முறை அவள் உடனே போகவில்லை.

"மாவு புளிச்சிருக்கா இல்லையான்னு வாசல்ல நின்னே சொல்றவ நான். என் மூக்குல என்ன கோளாறு?"

"மூக்குல இல்ல. ஒத்தையா அவ்வளவு தூரம் போற, அவனை நெனச்சுக்கிட்டே போற. அப்ப ஏதாச்சும் தோணத்தான் செய்யும்."

அவள் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

லமாரா, நோதார் இருவரின் மகள் சலோமேவுக்கு மல்காஸ்தான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது அவர் கையில் இருந்த குழந்தை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அப்பாவின் காரில்தான் மாப்பிள்ளை ஊருக்குப் போவேன் என்றாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மல்காஸ் அந்தக் காரை இரண்டு மணி நேரம் சோதித்தார். பிறகு அவளிடம் சொன்னார்: "என் பொறுப்பு. கண்ண மூடிக்கிட்டு உக்காரு."

காலையில் பதினோரு கார்கள் புறப்பட்டன. ஊர் எல்லையில் இருந்த பங்க்கில் கறுப்புக் கார் முதலில் நுழைந்தது. ஓட்டியவன் மாப்பிள்ளைத் தோழன் பாச்சோ. பின்சீட்டில் சலோமேவும் மாப்பிள்ளை ராமாஸும். பங்க்காரர் பத்தில் நிறுத்தியதும் பாச்சோ இறங்கி நெஞ்சில் கையை வைத்தான்.

"என்ன பெரியவரே, இன்னிக்குமா பத்து? எங்க ஊருக்கு வர்ற பொண்ணு முக்கா காலியாவா வரணும்? கழுத்து வரைக்கும் ஊத்துங்க."

குழாய் தானாக நின்றது. பாச்சோ காரின் பின்பக்கத்தைப் பிடித்துக் குலுக்கினான். உள்ளே இருந்த காற்று வெளியேறி இன்னும் இரண்டு லிட்டர் இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். பின்னால் தன் சின்னக் காரில் உட்கார்ந்திருந்த மல்காஸும் தட்டினார்.

அவருக்குப் பக்கத்தில் லமாரா இருந்தாள். மடியில் இரண்டு கைப்பைகள், ஒன்று மகளுடையது. கொம்போரி மலை ஏறத் தொடங்கியபோது மல்காஸ் கேட்டார்:

"பொண்ணு பக்கத்துல உக்காராம இங்க வந்து ஏறிக்கிட்டியே?"

"அந்தக் கார்ல நான் மலை ஏற மாட்டேன். அவகிட்டயும் சொன்னேன், உன் பேச்சைத்தான் நம்புறா."

"இன்னும் அதையே பிடிச்சுக்கிட்டிருக்கியா? நேத்துகூடப் பார்த்தேன். அட்டைல ஒரு பொட்டு இல்ல."

"அந்த அட்டைய கண்ணாடி போட்டு ஷெட்டுல மாட்டு."

மல்காஸ் சிரித்தார்.

"சிரி. என் தங்கச்சி என்ன சொல்றா தெரியுமா? நோதார்தான் கூட வந்து உக்காந்துக்கிறாராம். உசுரோட இருந்தப்பவும் அந்த மனுஷன் உன் ஷெட்டுல உக்காந்துட்டு பெட்ரோல் நாத்தத்தோடதானே வீட்டுக்கு வருவார், அதனாலயாம்."

"மார்க்கெட்டுக்குப் போறப்ப வர்றதில்லையா அவன்?"

"இல்ல. ராச்சாவுக்குக் கிளம்புனாத்தான். மலை ஏறுறப்ப தலைய வலிக்கும். பாதி வழிக்கு மேல கொறைஞ்சிடும். உன்கிட்ட கொண்டாந்து விட்டா சுத்தமா இருக்காது. எத்தனை தடவை சொல்றது?"

அவள் இதையெல்லாம் முன்பும் சொல்லியிருந்தாள். அவர் அப்போது கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராச்சாவுக்குப் போறப்ப எவ்வளவு பெட்ரோல் போடுவ?" என்றார்.

"ரொப்பிடுவேன். அந்த மலைல பங்க்க எங்க தேடுறது?"

மல்காஸின் கால் தானாக ஆக்ஸிலேட்டரை விட்டு எழுந்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

டேங்க்கின் உச்சியில், பின்சீட்டுக்கு நேர் கீழே, பம்ப்பை இறக்கும் வட்ட மூடி இருக்கிறது. மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம். நூறு கார்களிலாவது அந்த மூடியை அவர் பார்த்திருப்பார். எப்போதும் உலர்ந்தே இருக்கும். கால் டேங்க் பெட்ரோல் அங்கே எட்டாது. ரப்பர் கல்லாகிப்போய் வெடித்திருந்தாலும் தெரியாது. நிரம்பிய டேங்க் மலையேறும்போது சாய்ந்து அந்த மூடியில் போய் முட்டும். பொங்கி வருவது தரையில் சொட்டாது, டேங்க்கின் மேலுள்ள குழியிலேயே நிற்கும். அட்டை காட்டாது. குழாயில் ஓட்டை இல்லாததால் கேஜும் காட்டாது. குழிக்கு மேலே சீட், சீட்டின் மேல் பெண்ணும் மாப்பிள்ளையும்.

"சலோமேவுக்குப் போன் போடு."

"எதுக்கு?"

"போடு."

மடியிலிருந்த மகளின் பை அதிர்ந்தது. லமாரா அதைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைக்குப் போடு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. முன்னால் போகும் காரின் பாட்டு இங்கே வரை கேட்டது.

மல்காஸ் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்தினார். கறுப்புக் கார் பதிலுக்கு மூன்று முறை அடித்தது. பின்னால் வந்த ஒன்பது கார்களும் அடித்தன. மலை முழுக்க ஹாரன். விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். பின்னால் இருந்தவர்களும் அதையே செய்தார்கள். ஜன்னல் வழியாக யாரோ கைக்குட்டையைச் சுழற்றினார்கள்.

"சொல்லு" என்றாள் லமாரா.

சொன்னார். நான்கு வாக்கியங்களில் முடிந்துவிட்டது. அவள் இரண்டு பைகளையும் காலடியில் இறக்கி வைத்தாள்.

"மூணு தடவை" என்றாள். பிறகு, "ரோட்டப் பாரு" என்றாள்.

முந்திப்போய் மறிப்பதுதான் வழி. வலதும் இடதுமாக வளையும் பாதை. ஒரு நேர்த்துண்டு கிடைத்ததும் எதிர்ப்பக்கம் ஏறி முழுதாக மிதித்தார். சின்ன எஞ்சின் அலறியது. கறுப்புக் காரின் பின்சக்கரம் வரை போய்விட்டார். பாச்சோ திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினான். கல்யாண ஊர்வலத்தில் பெண் இருக்கும் காரை யாரும் முந்தவிடுவதில்லை. முந்தப் பார்ப்பதும் விடாமல் தடுப்பதும் வழி நெடுக நடக்கிற விளையாட்டு. எட்டு சிலிண்டரும் உறுமக் கறுப்புக் கார் பறந்தது. எதிரே காய்கறி வண்டி வந்ததால் மல்காஸ் பிரேக்கை மிதித்துத் தன் பக்கத்துக்குத் திரும்பினார்.

அதற்குள் அவர் பார்த்துவிட்டார். பாச்சோவின் ஒரு கை ஜன்னலுக்கு வெளியே தொங்கியது, விரல்களுக்கு நடுவில் சிகரெட். பின்பக்கக் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. சலோமேவின் தலை அலங்காரம் கலையக் கூடாது.

"கையில பிடிச்சிருக்கானா, வாயிலயா?" என்றாள் லமாரா.

"வெளிய பிடிச்சிருக்கான்."

"வெளியவே வெச்சிருக்கட்டும்."

அடுத்த வளைவில் அந்தக் கை உள்ளே போனது. கை மறுபடி வெளியே வந்தது. காலியாக இருந்தது. எங்கே அணைத்தான் என்று தெரியவில்லை.

கணவாயைத் தாண்டிய முதல் கிராமத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். பெண்ணைக் கொண்டுபோகும் கார்களைக் கயிறு கட்டி நிறுத்துவார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒயினும் இனிப்பும் கொடுத்தால்தான் வழி. மல்காஸ் எஞ்சினை அணைக்காமலே இறங்கி ஓடினார். கயிற்றுக்காரர்கள் இரண்டு பேர் குறுக்கே வந்தார்கள். ஒருவர் கையில் நிறைய ஊற்றிய கண்ணாடிக் கோப்பை.

"பொண்ணு வீட்டுக்காரரா? வாங்க. பொண்ணு பேரைச் சொல்லிக் குடிச்சுட்டுத்தான் மேல போகணும்."

"அவசரம் ஐயா, கார்ல பெட்ரோல்..."

"எல்லாக் கார்லயும் பெட்ரோல்தான் இருக்கு. மொதல்ல குடிங்க."

வாதாடுவதைவிடக் குடிப்பது சீக்கிரம் முடியும். ஒரே மூச்சில் குடித்துக் கோப்பையைக் கொடுத்தவர் நெஞ்சிலேயே அழுத்திவிட்டு ஓடினார். பாச்சோ கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து உட்கார்ந்திருந்தான். வாயில் புது சிகரெட், கையில் லைட்டர். மல்காஸ் அந்தக் கையை ஓங்கித் தட்டினார். லைட்டர் புல்லில் போய் விழுந்தது.

"என்ன மாமா? கார்ல ஜெயிக்க முடியலன்னு கைய ஓங்குறீங்களா?"

"எந்திரி. தள்ளிப் போ."

பின்கதவைத் திறந்தார். ஒயின் மணம் மூக்கில் இருந்தும் பெட்ரோல் நெடி முகத்தில் அறைந்தது. சலோமே வெளிறிப்போய்ச் சாய்ந்திருந்தாள்.

"ஞானப்பா, தலை சுத்துது. பயத்துல அப்படி இருக்கும், நாத்தம் பங்க்குல ஒட்டினதுன்னு இவர் சொல்றாரு."

"எறங்கு கண்ணு."

ராமாஸ் குனிந்து பார்த்தான். "நடு வழியில பொண்ணு எறங்கக் கூடாது மாமா. கோயில் வாசல்லதான் கால் வைக்கணும். எங்கம்மா உயிரை எடுத்துடுவாங்க."

"உங்கம்மா எடுக்கிறதுக்கு முன்னால நீயும் எறங்கு."

அவர் சலோமேவின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து வெளியே இழுத்தார். வெள்ளைப் பாவாடை கதவில் மாட்டிக் கிழிந்தது. கூட்டம் ஒரு மாதிரி முணுமுணுத்தது. அவர் பின்சீட்டின் முன்விளிம்பைப் பிடித்து மேலே தூக்கினார். அடியிலிருந்த தகட்டை விலக்கியதும் எல்லோரும் பார்த்தார்கள். வட்ட மூடியைச் சுற்றிய குழியில் சூப் கிண்ணம் அளவுக்குப் பெட்ரோல் பளபளத்துக்கொண்டு நின்றது. அதன் மேல் வானம் தெரிந்தது.

யாரும் சொல்லாமலே ஆட்கள் பின்னால் நகர்ந்தார்கள். பாச்சோ வாயிலிருந்த பற்றவைக்காத சிகரெட்டை எடுத்து, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கைக்குள் மூடிக்கொண்டான்.

கிராமத்தார் குழாயும் பிளாஸ்டிக் கேன்களும் கொண்டுவந்தார்கள். மல்காஸ் இருபத்தைந்து லிட்டர் வெளியே எடுத்தார். குழியைத் துணியால் ஒற்றித் துடைத்தார், கதவுகளையெல்லாம் திறந்துவிட்டுக் காத்திருந்தார். அரை மணி நேரம் ஆனது. பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இனி கசியாது. மூடிக்குக் கீழ எறங்கிடுச்சு. தாராளமா போகலாம்."

அது உண்மை. ராமாஸ் கறுப்புக் காரையும் சலோமேவையும் பார்த்தான், கடைசியில் லமாராவைப் பார்த்தான்.

"நீ சொன்னேன்னு மூணு தடவை நான் உக்காந்தேன்" என்றாள் லமாரா. "நேத்து நீ சொன்னேன்னு இவ உக்காந்தா. இனி யாரும் உக்காரல."

"இப்ப நிஜமாவே..." என்று மல்காஸ் தொடங்கினார். அவரிடம் விளக்கம் இருந்தது. டேங்க்கின் உயரம், பெட்ரோலின் மட்டம், மலையின் சரிவு, எல்லாம் சரியான விளக்கம். சலோமே கிழிந்த பாவாடையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து பத்தடி தள்ளி நின்றாள். அவர் கையைக் கழுவிவிட்டுத் தன் காரின் சாவி அதிலேயே இருப்பதாகச் சொன்னார்.

சின்னக் காரின் பின்சீட்டில் இருந்த ஸ்பேனர் பெட்டியை எடுத்துவிட்டு அங்கே சலோமேவையும் ராமாஸையும் உட்காரவைத்தார்கள். லமாரா முன்னால் ஏறினாள். பாச்சோ ஓட்ட உட்கார்ந்தான்.

"ஞானப்பா வரலியா?" என்று சலோமே கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

"இதை இப்படியே விட்டுட்டு வர முடியாது. நீங்க போங்க."

லமாரா திரும்பிப் பார்க்கவில்லை. கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிப் போயின. வளைவுக்கு வளைவு சத்தம் சிறிதாகிக்கொண்டே வந்தது.

மல்காஸ் பித்தளை உளியை வைத்துத் தட்டி மூடியைக் கழற்றினார். ரப்பர் கையில் எடுத்ததும் மூன்று துண்டாக உடைந்தது. ஒயின் கோப்பை நீட்டிய மனிதர் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அங்கேயே நில்லுங்க. பாக்கெட்ல தீப்பெட்டி இருக்கா?"

இருந்தது. அவர் போய் அதை ஒரு வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு வந்து, சீட் தூக்கிய காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய கார். இதைப் பார்க்கிற மெக்கானிக்னு ஒருத்தன் இருப்பான்ல? அவன் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?"

மல்காஸ் உடைந்த துண்டுகளைக் கந்தல் துணியில் வைத்து மடித்தார்.

"நான்தான்" என்றார்.