பூனை கண்டுபிடித்த நோய்

கரியாஹாட் கடைத்தெரு நடைபாதையில் ஆசையாக வாங்கிய சக்குலண்ட் செடி, எங்கள் முதல் மாடி பால்கனியில் இலை உதிர்க்கத் தொடங்கியது. தண்ணீர் போதாவிட்டால் அதன் தடித்த இலைகள் சுருங்கும். இவையோ மஞ்சளாகி, விரல் பட்டாலே கொழகொழவென்று கழன்று விழுந்தன. தண்ணீர் மிஞ்சினால்தான் அப்படி ஆகும். நானோ வாரம் ஒருமுறைதான் தண்ணீர் ஊற்றினேன்.

துப்புக் கொடுத்தது ஒரு பூனை. சுத்த சைவ வீட்டுத் தொட்டியை அது ஏன் தினமும் மோந்து பார்க்க வேண்டும்? நானும் குனிந்து மோந்தேன். கவிச்சி வாடை அடித்தது.

பக்கத்து பால்கனி வங்காளி அத்தை, மாஷிமாவிடம் கேட்டேன். "மாச் தோவா ஜோல்!" என்றார் பெருமையாக. மீன் கழுவிய தண்ணீர். செடி இத்தனை குட்டியாக இருக்கிறதே என்று பாவப்பட்டு, கம்பி வழியே கையை நீட்டித் தினமும் ஊற்றியிருக்கிறார்.

உள்ளே போய் என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் முழித்த முழியே சரியில்லை.

"நான் காபிச் சக்கையைக் கரைச்சு... தினம் ஒரு டம்ளர்தான். ரோஜாவுக்கு ஊத்துவோமே, அந்த மாதிரி."

ஆளுக்கு ஆள் ஊற்றினால் செடி அழுகாமல் என்ன செய்யும் என்று இருவரையும் ஒரு வாரம் விடாமல் திட்டினேன்.

தினமும் காலையில் அரிசி களைந்த நீரை நான் அந்தத் தொட்டியில்தான் கொட்டினேன். ஆனால் அதெல்லாம் தண்ணீரில் சேர்த்தியா என்ன?